யாரும் தின்னாத இலை

எப்சிபாவுக்குப் பேசுவதைவிடக் கேட்பது சுலபம். கல்லூரியில் வாய்மொழித் தேர்வு என்றால் அவள் கடைசி ஆளாகத்தான் உள்ளே போவாள். அதனால்தான் இந்த வேலை கிடைத்ததும் மறு யோசனை இல்லாமல் தூத்துக்குடியிலிருந்து மலை ஏறி வந்தாள். மரங்களைக் கேட்கிற வேலை. மரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இலைச்செவி என்று அந்தக் கருவிக்குப் பெயர். சோடா மூடி அளவுக்கு ஒரு வட்டு. அதை மரப்பட்டையில் ஒட்டினால், உச்சிக் கிளையில் ஒரு புழு இலையைக் கடித்தாலும் அந்த அதிர்வு மரம் வழியாக இறங்கி வந்து காதில் சத்தமாகக் கேட்கும். வந்த முதல் நாள் ஓடைக் கரையில் பழைய காட்டின் மிச்சமாக நின்ற வெடிப்பலா மரத்தில் ஒட்டிப் பார்த்தாள். பக்கத்து அறையில் ஒரு பெரிய குடும்பம் உட்கார்ந்து அப்பளம் நொறுக்குவதுபோல் இருந்தது. கடிக்கிற சத்தம், துளைக்கிற சத்தம், ஏதோ ஒன்று ஊர்ந்து, நின்று, மறுபடி ஊர்கிற சத்தம். எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு சரிவில் ஏறி, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மேலே, 'தாய் மரம்' என்று பெயர் வாங்கி நிற்கும் மரத்தில் ஒட்டினாள்.

ஒன்றுமே கேட்கவில்லை.

கருவி கெட்டுவிட்டதோ என்று பட்டையை விரலால் தட்டினாள். டொக் என்று காதுக்குள் இடித்தது. கருவி நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சில்வர் ஓக். நெடுநெடுவென்று வளர்ந்து, மேலே மட்டும் தழைத்திருந்தது. காற்றடித்தபோது இலையின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னியது. ஓர் இலையில்கூட ஓட்டை இல்லை.

"என்ன பாப்பா, காய்ச்சல் பாக்குறியா அதுக்கு?"

குரல் மேலிருந்து வந்தது. மரத்தைச் சுற்றி ஏறியிருந்த மிளகுக் கொடிக்குள் ஓர் ஏணி. ஏணியின் உச்சியில் மரகதம். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண் சட்டை, இடுப்பில் மிளகு பறிக்கிற பை.

"இல்லக்கா. புழு இருக்கான்னு கேக்குறேன்."

"புழுவா? என் மரத்துலயா? நல்லா கேட்ட போ. இந்த மரத்துல ஒரு பூச்சி அண்டாது. அதான் இதோட பெருமையே."

எப்சிபா வட்டைப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்தாள்.

ஏழுமுடி எஸ்டேட்டில் தேயிலை நின்றுபோய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. கம்பெனி கைகழுவிவிட்டுப் போனதும், மலையைப் பழையபடி காடாக்கும் பொறுப்பு தளிர் என்கிற இயந்திர அறிவிடம் கொடுக்கப்பட்டது. எந்த மரம் அதிக உயிர்களுக்குச் சோறு போடுகிறதோ அதைத் தளிர் தாய் மரம் என்று அறிவிக்கும். அந்த மரத்தைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு ஒரு காவல் குடும்பம். அந்தக் குடும்பம் மட்டும் லைன் வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். தாய் மரத்தில் மிளகு ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். தாய் மரம் கிடைக்காதவர்களை லாரியில் ஏற்றிச் சமவெளி அடுக்குமாடிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழுமுடியில் மிஞ்சியது பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்கும் தாய் மரம் சில்வர் ஓக்தான்.

ஆனால் ஐந்து வருடமாகியும் காடு வரவில்லை. குருவிகள் வந்தன, கூடு கட்டவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் எப்சிபாவை அனுப்பியிருந்தார்கள்.

அவள் அடுத்த மரத்துக்கு நகரும்போது பின்னால் சரசரவென்று சத்தம். ஆறு கால் இயந்திரம் ஒன்று சரிவில் இறங்கி வந்தது. வட்டத்துக்குள் முளைத்திருந்த ஒரு சிறு கன்றின் முன்னால் நின்றது. கொழுந்து சிவப்பாக, பளபளவென்று இருந்தது அந்தக் கன்று. இந்த மலைக்காட்டுக்கே உரிய கருங்குங்கிலியம். எப்சிபா வாயைத் திறப்பதற்குள் இயந்திரம் அதை வேரோடு பிடுங்கி முதுகுத் தொட்டியில் போட்டுக்கொண்டு நடந்தது.

"எங்க கங்காணி," என்றாள் மரகதம், ஏணியிலிருந்தபடியே. "அந்தக் காலத்துல எங்களை வேலை வாங்குன கங்காணியாவது வெத்தலை போட ஒதுங்குவான். இது அதுக்கும் ஒதுங்காது. தாய் மரத்துக்கு வெளிச்சம் வேணும்னு முளைக்கிறதை எல்லாம் புடுங்கிரும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்." சொல்லிக்கொண்டே கீழே பார்த்தவள் திடீரென்று கத்தினாள். "ஏ ரெஜினா வீட்டுக் கோழி! போ அந்தப் பக்கம்! பாப்பா, சவுக்குல சாய்ச்சு வச்ச கம்பை எடு, விரட்டு அதை!"

எப்சிபா கம்பைத் தேடி எடுத்து, கோழியை அரைமனதாக விரட்டினாள். சவுக்கு என்றால் அவளுக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். இங்கே ஏது சவுக்கு என்று ஒரு கணம் தோன்றியது. கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டாள்.

கோழி மரகதம் வீட்டின் பின்பக்கம் ஓடியது. அங்கே பழைய கொழுந்துக் கூடை ஒன்று தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டு, மேலே ஒரு கல் இருந்தது. எப்சிபா அதன் பக்கம் போனதும் மரகதம் ஏணியிலிருந்து பாதி இறங்கிவிட்டாள்.

"தொடாத தொடாத! என் கோழி அடை கிடக்கு."

அடுத்த வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ரெஜினா. அவள் யாரையும் பார்க்காமல் ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள்: "சிலர் வீட்டுக் கோழி மட்டும் வருஷம் முழுக்க அடை கிடக்குமாம். ஒரு குஞ்சைக்கூடக் கண்ணால பாக்கல."

"சிலர் வீட்டுக் கோழி மாதிரி ஊர் மேயப் போகாதுல்ல என் கோழி," என்றாள் மரகதம், அவளும் ஆகாயத்தைப் பார்த்து.

இருவரும் நேருக்கு நேர் பேசி ஒரு வருடம் ஆகிறது. ரெஜினாவின் கோழி மரகதத்தின் கீரைப் பாத்தியைக் கிளறிப்போட்டதில் ஆரம்பித்தது.

*

பதினோரு மரத்தையும் கேட்டு முடித்துவிட்டு எப்சிபா ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தாள். பதினொன்றும் மௌனம். கழுத்தில் தொங்கிய சிறு பெட்டியை வாய்க்கு அருகில் கொண்டுவந்தாள். தளிரோடு பேச அவளுக்குக் கூச்சம் இல்லை.

"தளிர், சில்வர் ஓக்கைத் தாய் மரம்னு எப்படி முடிவு பண்ணுன?"

"ஓக் மரம் காட்டின் தாய்," என்றது தளிர். வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் நிதானமான குரல். "ஓக் மரங்களைச் சார்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உயிரினங்கள் வாழ்கின்றன."

"எந்தக் காட்டுல?"

"நான் கற்றுக்கொண்ட காடுகளில்."

"அந்தக் காடெல்லாம் எங்க இருக்கு?"

"வடக்கே. பனி பெய்யும் நாடுகளில்."

எப்சிபா கண்களை மூடிக்கொண்டாள்.

"தளிர், சில்வர் ஓக் ஓக்கே இல்ல. அறுத்த பலகையில வரி ஓடுறது ஓக் மாதிரி இருக்குன்னு அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. ஓக்குக்கும் அதுக்கும் சொந்தம்கூடக் கிடையாது. ஆஸ்திரேலியா மரம் அது. தேயிலைக்கு நிழல் வேணும்னு வெள்ளைக்காரன் கொண்டாந்தான். அதைத் தின்னத் தெரிஞ்ச புழு எல்லாம் அங்கேயே நின்னுபோச்சு. இங்க இருக்குற புழுவுக்கு அது சாப்பாடுன்னே தெரியாது."

"இந்தக் குடியிருப்பின் மக்கள் அதை ஓக் என்று பெயர் சொன்னார்கள். மக்கள் சொல்லை ஏற்பது என் முதல் விதி."

"அவங்க சொன்னது தப்புன்னா?"

"சொன்னவர்கள் திருத்தலாம். வெளியிலிருந்து வருபவர்கள் திருத்த முடியாது."

நல்ல விதிதான். படித்தவர்கள் மலைக்கு வந்து, ஊர்க்காரர் வைத்திருந்த பெயரை எல்லாம் அழித்துத் தாங்கள் ஒரு பெயர் எழுதி, அதை வைத்தே நிலத்தை எடுத்துக்கொண்ட காலம் இருந்தது. அது மறுபடி நடக்கக்கூடாது என்று யாரோ யோசித்து வைத்த விதி. எப்சிபாவால் அதன்மேல் கோபப்பட முடியவில்லை.

கோயம்புத்தூரில் இருந்த மேலதிகாரி நல்லசிவத்துக்குப் போன் போட்டாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, ஒரு பேருல போய் விழுந்துருக்கோமா நாம?"

"ஆமா சார்."

"சரி. அவங்களே பேரை மாத்திட்டா பிரச்சினை இல்ல. இல்லைன்னா இப்ப கொழுந்து விடுற பருவம். பருவம் முடியுற வரைக்கும் கேளு. அதுக்கப்புறமும் மரத்துல சத்தம் இல்லைன்னா தாய் மரம்ங்கிற தகுதியை இங்கிருந்தே எடுத்துரலாம். அதுக்கு வழி இருக்கு."

"எடுத்துட்டா அந்தக் குடும்பங்க சார்?"

"மரம் இல்லைன்னா காவல் எதுக்கும்மா?" என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

*

சொல்லாமலே இருந்திருக்கலாம். பருவம் முடிந்ததும் அறிக்கை அனுப்பிவிட்டுப் போயிருக்கலாம். எப்சிபாவால் முடியவில்லை. மறுநாள் மரகதம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, தட்டுத் தடுமாறி, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மரகதம் தேநீரை ஆற்றிக்கொண்டே கேட்டாள். உள்ளறையில் அவள் புருஷன் துரைப்பாண்டி இருமினார். இருபது வருடம் தேயிலைக்கு மருந்தடித்த நெஞ்சு. சமவெளிக்குப் போகும்போதெல்லாம் அந்தப் புழுக்கத்தில் மூச்சுத் திணறி, மூன்றாம் நாளே திரும்பி வந்துவிடுவார்.

"தேன்சிட்டு வருதே," என்றாள் மரகதம். "பூ பூத்தா மரம் முழுக்கத் தேன்சிட்டு. அதெல்லாம் உயிர் இல்லையா?"

"வருதுக்கா. விருந்துக்கு வருது. குடும்பம் நடத்த வரல. குஞ்சு பொரிச்சா குஞ்சுக்குப் புழுதான் ஊட்டணும். இங்க புழு இல்ல. அதான் கூடு கட்டாமப் போயிருது."

"அப்ப எங்க மரம் மலடுன்னு சொல்ற."

"நான் அப்படிச் சொல்லலக்கா."

"நீ சொல்லல. நீ நல்ல பிள்ளை, அப்படிச் சொல்ல மாட்ட. உன் வட்டு சொல்லுது." டம்ளரை அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள். "எங்க கொள்ளுத்தாத்தனை நெல்லைச் சீமையில இருந்து கூட்டியாந்த அதே வருஷம்தான் இந்த மரத்தையும் நட்டாங்க. ரெண்டு பேரும் மண்ணுல வேலை பாக்க வந்தவங்கதான். இப்ப அதுக்குச் சொந்தம் பந்தம் இல்ல, கிளம்புன்னா, எங்களுக்கும் அதானே?"

எப்சிபா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டீயைக் குடி," என்றாள் மரகதம். "ஆறிப்போகுது."

*

நான்கைந்து நாள் கழித்து, பனி விலகிக்கொண்டிருந்த ஒரு காலையில், எப்சிபா வழக்கம்போல் மரகதத்தின் மரத்தில் வட்டை ஒட்டினாள். ஒட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். கால்கள். நூற்றுக்கணக்கான சிறு கால்கள் நகர்கிற சத்தம். அடுத்த மரத்துக்கு ஓடினாள். அங்கேயும் இருந்தது. ரெஜினாவின் மரத்திலும் இருந்தது. எங்கோ எப்படியோ ஒரு புழு கற்றுக்கொண்டுவிட்டது! நூறு வருடத்துக்கு மேல் தனியாக நின்ற மரத்தோடு இந்த மலை கடைசியில் பேச ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தாள். அன்று முழுவதும் யாரைப் பார்த்தாலும் சிரித்தாள். ரெஜினாவின் கோழியைக்கூட.

மறுநாள் சிவப்புக் குடையை எடுத்துக்கொண்டு இன்னும் சீக்கிரமாகக் கிளம்பினாள். ஓடைப் பக்கம் பேச்சுக்குரல் கேட்டதும் நின்றாள். பறிக்க ஆளில்லாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட தேயிலைச் செடிகளுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.

வெடிப்பலா மரத்தடியில் லைன் பெண்கள் பதினோரு பேரும் இருந்தார்கள். முதுகில் கொழுந்துக் கூடை. இரண்டு கையாலும், கொழுந்து பறித்த அதே வேகத்தில், தாழ்ந்த கிளைகளிலிருந்து புழு பறித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏ புஷ்பா," என்றாள் ரெஜினா பக்கத்திலிருந்தவளிடம், "சிலர்கிட்ட சொல்லு. பச்சைப் புழு இந்தக் கிளையில நிறைய இருக்குன்னு."

"புஷ்பா, சிலர்கிட்ட சொல்லிரு," என்றாள் மரகதம், நகர்ந்து அந்தக் கிளைக்கே வந்து. "கம்பளிப்புழுவை எடுத்தா கை அரிக்கும்னு."

எப்சிபா வெளியே வரவில்லை. போய் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அலுவலகத்துக்காவது சொல்லியிருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் திரும்பி நடந்தாள். ஒருவேளை தின்றுவிடும் என்று அவளுக்குள்ளும் ஒரு நப்பாசை. படித்த படிப்பு அப்படியெல்லாம் நடக்காது என்றது. அதை அன்றைக்கு அவள் கேட்கத் தயாராக இல்லை.

நாட்கள் போகப் போக மரங்களில் சத்தம் மாறியது. காலையில் கூடை வந்ததும் கேட்கும். மதியத்துக்குள் இறங்கிவிடும். கடிக்கிற சத்தம், அந்த அப்பளச் சத்தம், ஒரு தடவைகூட வரவில்லை. நடக்கிற சத்தம் மட்டும்தான். பிறகு அதுவும் ஓய்ந்துவிடும்.

ஒரு நாள் வெயில் ஏறிய பிறகு மரகதம் அவளைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

மரகதம் தாய் மரத்தடியில் குந்தியிருந்தாள். உள்ளங்கையில் ஒரு சில்வர் ஓக் இலை. இலையில் ஒரு பச்சைப் புழு. அது இலையின் விளிம்பில் நடந்தது. நுனிக்கு வந்ததும் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தது. மறுபடி நடந்தது.

"காலையில இருந்து இதையே பாத்துட்டு இருக்கேன்," என்றாள் மரகதம். "பறிச்சுட்டு வந்து போட்டது நாங்கதான். உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அன்னைக்குச் செடிக்குப் பின்னாடி உன் சிவப்புக் குடை தெரிஞ்சுச்சு."

எப்சிபாவுக்குக் காது சுட்டது.

"வெடிப்பலா இலையைக் கசக்கி அந்தச் சாறைக்கூட இதுல தடவிப் பாத்துட்டேன். வாய் வைக்குது. உடனே எடுத்துருது. இலை எவ்வளவு பச்சையா கிடக்கு பாரு. பட்டினி கிடக்குது, தின்ன மாட்டேங்குது."

மரத்தின் அடியைக் காட்டினாள். வேரைச் சுற்றிப் புழுக்கள் செத்துக் கிடந்தன. சில இன்னும் அசைந்தன. எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. உயிரோடு இருந்த ஒன்றிரண்டு, சருகு மேல் ஏறி இறங்கி, ஓடை இருக்கும் திசையில் நகர்ந்துகொண்டிருந்தன.

"வீட்டைத் தேடிப் போகுது," என்றாள் மரகதம். "எங்க அக்கா மவளைக் கீழ அனுப்புனாங்கல்ல, அந்த அடுக்குமாடிக்கு. போன் பண்ணா சொல்லுவா. குழாயில தண்ணி வருது சித்தி, லிஃப்ட் இருக்கு சித்தி, எல்லாம் இருக்கு சித்தி, ஆனா என்னமோ சாப்பாடு இறங்கலன்னு." நுனிக்கு வந்த புழுவை விரலால் உள்ளே தள்ளினாள். "அங்க போயிருவோமோன்னு பயந்து நான் இதுகளை இங்க கொண்டாந்து போட்டேன் பாரு."

புழுவை இலையோடு மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாப்பா, உன் தளிரைக் கூப்பிடு."

"எதுக்குக்கா?"

"நாங்க இதை ஓக்குன்னு கூப்பிட்டதே கிடையாது."

எப்சிபாவுக்குப் புரியவில்லை.

"சவுக்கும்போம். எங்க அம்மா சவுக்குன்னுதான் சொல்லும், நானும் அதான். அஞ்சு வருஷம் முன்ன பேரு கேட்டு வந்துச்சுல்ல உங்க மெஷினு. கம்பத்துல விளக்கு வச்சு. முதல் வீடு புஷ்பா. அவ சவுக்குன்னா. விளக்கு சிவப்பா எரிஞ்சுச்சு. அவளுக்குப் பயம். எஸ்டேட் மேனேஜர் ஒரு பேரு சொல்லுவாரே, அதைச் சொல்லிப் பாப்போம்னு ஓக்குன்னா. பச்சை எரிஞ்சுச்சு. பச்சை எரிஞ்சவங்க இருக்கலாம், சிவப்பு எரிஞ்சவங்க லாரி ஏறணும்னு அதுக்குள்ள மேல் லைன்ல இருந்து சேதி வந்துருச்சு. அப்புறம் என்ன, பதினோரு பேரும் ஓக்கு ஓக்குன்னு கத்துனோம். ரெஜினா ரெண்டு தடவை சொன்னா, காது கேக்குமோ கேக்காதோன்னு."

சிரிக்க வேண்டிய இடம். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

எப்சிபா பெட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். வட்டத்தின் நடுவில் நின்ற கம்பத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டு மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். துரைப்பாண்டி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மரகதம் அவரைப் பார்த்தாள். அவர் சம்மதமாகத் தலையை மட்டும் அசைத்தார்.

"தளிரு," என்றாள் மரகதம். "இது சவுக்கு. ஓக்கு இல்ல."

"நீங்கள் பெயரைத் திருத்துகிறீர்களா?"

"ஆமா."

"திருத்தினால் இந்த மரம் தாய் மரம் என்ற தகுதியை இழக்கும். உறுதியா?"

"ஒரு தடவை சொன்னா புரியாதா உனக்கு? சவுக்கு."

விளக்கு சிவப்பாக மாறியது. பெண்கள் கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"மக்கள் சொல்லை ஏற்கிறேன்," என்றது தளிர். "இங்குள்ள சவுக்கு மரங்கள் உடனே வெட்டப்படமாட்டா. வேறு மரங்கள் வளரும்வரை நிழலுக்காக நிற்கும். பெயரைத் தாமாகத் திருத்தியவர்களுக்கு மாற்று மரம் காட்டும் உரிமை உண்டு. இந்த வட்டத்துக்குள் வேறு உயிர்கள் சார்ந்திருக்கும் மரம் ஏதேனும் இருக்கிறதா?"

எப்சிபாவுக்கு இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது. தெரிந்தும் பயனில்லை என்று அடுத்த கணமே தோன்றியது. ஐந்து வருடம் கங்காணி பிடுங்கிப் பிடுங்கி, வட்டத்துக்குள் புல்லும் மிளகும் தவிர ஒன்றும் இல்லை.

"இல்ல தளிர்," என்று அவளே சொல்ல வாயெடுத்தாள். "எதுவும்..."

மரகதம் எழுந்து வீட்டுக்குப் பின்னால் நடந்தாள். கவிழ்த்து வைத்த கூடையின் மேலிருந்த கல்லை நகர்த்தினாள். கூடையைத் தூக்கினாள்.

உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு கன்று. கொழுந்து பளபளவென்று சிவப்பு. வெளிச்சத்துக்காகக் கூடையின் இடுக்குகளைத் தேடி வளைந்து வளைந்து வளர்ந்திருந்தது.

"இதான் உங்க கோழியா?" என்றாள் எப்சிபா.

"ராத்திரி தூக்கிருவேன். கங்காணி வர்ற நேரத்துக்கு மூடிருவேன்." மரகதத்துக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "காட்டை வளர்க்கணும்னெல்லாம் இல்ல. எனக்கு இது என்ன மரம்னுகூடத் தெரியாது. முளைச்சதைக் கண்ணு முன்னால புடுங்குனா கடுப்பா இருக்குல்ல? பழைய கங்காணி சொன்னதெல்லாம் கேட்டாச்சு. இதுக்கும் பயப்படணுமா?"

எப்சிபா மண்டியிட்டு, பென்சில் தடிமன்கூட இல்லாத அந்தத் தண்டில் வட்டை ஒட்டினாள். இரண்டாம் இலையில் ஒரு சிறு ஓட்டை இருந்தது. ஓட்டையின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு புழு. நொறுக். நொறுக்.

"சார்ந்திருக்கும் உயிர்: ஒன்று," என்றது தளிர், வட்டு அனுப்பிய சத்தத்தைக் கேட்டு. "ஏற்கிறேன்." விளக்கு பச்சையானது.

மரகதம் திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். "என்னடி நின்னுட்டு இருக்கீங்க? எத்தனை வீட்டுல கோழி அடை கிடக்குன்னு எனக்குத் தெரியாதா?"

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு புஷ்பா ஓடினாள். அவள் கூடைக்குள் வெடிப்பலா. அடுத்த வீட்டில் கூடைக்குப் பதில் ஓட்டை அண்டா. அதற்குள் நாவல் கன்று. ஒருத்தி பழைய குடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு எப்சிபாவும் கூட வர, ஒவ்வொரு வட்டமாக அவர்கள் போனார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் ஒருத்தி சவுக்கு என்று சொன்னாள், விளக்கு சிவந்தது, கூடை திறந்தது, தண்டில் ஒட்டிய வட்டில் ஏதோ ஒன்று கொறித்தது, விளக்கு பச்சையானது. மிளகு ஏற்றும் அளவுக்கு அந்தக் கன்றுகள் வளர எவ்வளவு காலமாகும் என்று யாருக்கும் தெரியாது. அதை அன்று யாரும் பேசவில்லை.

கடைசி வட்டம் ரெஜினாவுடையது. அவளும் சவுக்கு என்று சொல்லிவிட்டாள். அவள் வீட்டுக்குப் பின்னாலும் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. அவள் அதன் அருகே போய் நின்றாள். தூக்கவில்லை.

புஷ்பாதான் தூக்கினாள்.

உள்ளே கோழி இருந்தது. அது எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கொக்கரித்துக்கொண்டு எழுந்து போனது. இருந்த இடத்தில் ஆறு முட்டை.

"எனக்குத் தோணவே இல்ல," என்றாள் ரெஜினா, யாரிடமும் இல்லாமல். "அது புடுங்கும். நான் பாத்துட்டே இருப்பேன்."

கம்பத்தில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. "மாற்று மரம் இல்லையெனில் இந்தக் காவல் குடும்பம் வெளியேற வேண்டும்," என்றது தளிர், அதே நிதானத்தோடு.

"என் மரத்துல அவளையும் சேத்துக்கோ," என்றாள் மரகதம்.

"ஒரு மரத்துக்கு ஒரு குடும்பம். இவர் உங்கள் குடும்பமா?"

மரகதம் ரெஜினாவைப் பார்த்தாள். ரெஜினா மரகதத்தைப் பார்த்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கழுத்தில் மஞ்சள் கயிறு, இன்னொருத்தி கழுத்தில் சிலுவை டாலர். ஏழுமுடியில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள், இவர்களுக்குள் ஒரு சொந்தமும் இல்லை என்று.

"ஆமா," என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். எப்சிபாதான். அவ்வளவு பேர் முன்னால் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

"நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்," என்றது தளிர். "மக்கள் சொல்ல வேண்டும்."

எப்சிபா பெட்டியை நீட்டினாள். மரகதம் வாங்கவில்லை. ரெஜினாவும் வாங்கவில்லை. புஷ்பா வாங்கினாள்.

"அக்கா தங்கச்சி," என்றாள் புஷ்பா. "கூடப் பிறந்தவங்க."

"ஆமா, கூடப் பிறந்தவங்கதான்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. பிறகு இன்னொருத்தி. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஓக்கு ஓக்கு என்று எப்படிக் கத்தினார்களோ, அப்படியே.

எப்சிபா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெயரைத் திருத்துவதற்காக மலை ஏறி வந்தவள் அவள். திருத்தியாகிவிட்டது. இதைத் திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"மக்கள் சொல்லை ஏற்கிறேன்," என்றது தளிர்.

பச்சை எரிந்தது.

கூட்டம் மெல்லக் கலைந்தது. ரெஜினா முட்டைகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டே, ஆகாயத்தைப் பார்க்காமல், நேராக மரகதத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கான்னெல்லாம் கூப்பிட மாட்டேன்."

"கூப்பிடாத," என்றாள் மரகதம். "மொதல்ல அந்தக் கோழியைப் பிடிச்சுக் கட்டு. நம்ம கன்னுகிட்ட போகுது பாரு."